சண்டிகேசுவரருக்கு எதிர்ச் சுவர்

அறிவழகனின் பெயர் கல்லில் ஏற, அவனுடைய ஒரு 'ஓகே' மட்டும்தான் பாக்கி.

ஜெயங்கொண்டத்தில் கல்வெட்டுப் பலகை செய்யும் ராசாங்கம் காலையிலேயே வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தார். கறுப்பு கிரானைட். மேலே நந்தி, இரு பக்கமும் குத்துவிளக்கு. நடுவில் பொன்னிற எழுத்தில், 'கங்கை கொண்ட சோழனாம் முதலாம் ராஜேந்திரன் எழுப்பிய, ஆயிரம் ஆண்டு கண்ட இத்திருக்கோயில்' என்று தொடங்கிச் சில வரிகள். அடியில், வலது மூலையில், 'ஆய்வு: முனைவர் க. அறிவழகன்.'

"சார், பாத்துட்டு ஓகே சொல்லுங்க. நாளைக்கு மெஷின்ல ஏத்திடறேன்" என்று குரலும் வந்திருந்தது.

அவன் உடனே சொல்லவில்லை. பிழை திருத்துகிறவன் போலப் படத்தை விரலால் விரித்து விரித்துப் பார்த்தான். விரல் ஒவ்வொரு முறையும் வலது மூலைக்கே போனது. பெரம்பலூரில் அவன் வேலை பார்க்கும் தனியார் கல்லூரியில் யாரும் அவனை முனைவர் என்று கூப்பிட்டதில்லை. வரலாறு நடத்துவான். மாலையில் கல்லூரிப் பேருந்துகளில் மாணவர்கள் தள்ளுமுள்ளு இல்லாமல் ஏறுகிறார்களா என்று பார்ப்பான். இரண்டாவது வேலையைத்தான் முதல்வர் பாராட்டியிருக்கிறார்.

கோயில் அவனுடைய சொந்த ஊரான மேலைக்குறிச்சியில் இருக்கிறது. உடையார்பாளையத்திலிருந்து முந்திரிக் காடுகளுக்கு நடுவே போகும் ரோட்டில். பெரிய கோயில் இல்லை. கல்லில் ஒரு கருவறை, அதன் முன்னால் நான்கு தூண்கள் நிற்கும் அர்த்தமண்டபம், அதற்கும் முன்னால் ஜமீன் காலத்தில் சேர்த்த ஒரு கூடம். கருவறைக்கு மேலே செங்கல் விமானம். விமானத்தில் சிற்பங்களைவிட அரசங்கன்றுகள் அதிகம். இப்போது அவற்றையெல்லாம் வெட்டி, சாரம் கட்டி, திருப்பணி நடக்கிறது. வைகாசியில் குடமுழுக்கு. அன்றைக்கு வாசலில் அந்தக் கிரானைட் கல்லைத் திறப்பார்கள்.

அறிவழகனின் அப்பா கதிர்வேல் அந்தக் கோயிலை மதிலுக்கு வெளியே நின்றுதான் கும்பிட்டார். காலனிக்காரர்கள் உள்ளே வரக் கூடாது என்று அவர் காலத்தில் யாரும் சொன்னதில்லை. வரலாம் என்றும் யாரும் சொன்னதில்லை. அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது. அதே மதிலில் அவருடைய முதலெழுத்தோடு மகனின் பெயர் பதியப்போகிறது. அம்மா கலியம்மாள் இந்தச் செய்தியைக் காலனியில் வீடு வீடாகச் சொல்லி முடித்துவிட்டு, சொன்ன வீடுகளுக்கே மறுபடியும் போய்க்கொண்டிருந்தாள்.

எல்லாம் அவன் படித்த ஒரு கல்வெட்டால் வந்தது.

கருவறையைச் சுற்றி, சுவரின் அடியில், மூன்று வரியாக ஓடும் எழுத்து. யாரும் கவனித்ததில்லை. சுண்ணாம்பு அடித்து அடித்து அது மூடிக் கிடந்தது. சில வருடங்களுக்கு முன் அறிவழகன் அனுமதி வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரஷும் தண்ணீரும் தாளும் மையுமாக வந்து படியெடுத்தான். வெளியே தரை உயர்ந்து அடித்தளத்தின் கீழ்வரிசை மண்ணுக்குள் போயிருந்ததால், மண்ணைத் தோண்டி, குப்புறப் படுத்து, கன்னத்தைக் கல்லில் வைத்துப் படித்தான். அவன் கோயிலுக்குள் போன முதல் நாள் அது. நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் பக்திமான் என்று நினைத்தார்கள்.

தெற்குச் சுவர் முடிந்தது. மேற்குச் சுவர் முடிந்தது. வடக்குச் சுவரில் பாதி தூரம் வந்ததும் சண்டிகேசுவரர் குறுக்கிட்டார்.

சிவன் கோயில் எல்லாவற்றிலும் அவர் அங்கேதான் இருப்பார். அபிஷேக நீர் வெளியே விழும் கோமுகிக்குப் பக்கத்தில், ஆள் உயரத்துக்கு ஒரு சின்ன சன்னிதி. கருவறைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அவருக்கும் சுவருக்கும் நடுவே யாரும் போகக் கூடாது. சாமிக்கும் அவருக்கும் ஓயாத பேச்சு, இடையில் புகுந்தால் பாவம்.

அறிவழகன் கல்லூரியில் கறுப்புச் சட்டை போட்டுக் கோஷம் போட்டவன். மாணவர் விடுதியில் ஆயுத பூஜைப் பொரியைக்கூட வரலாற்று விளக்கத்தோடுதான் தின்றவன். அந்த இடைவெளியில் ஒரு எட்டு வைத்திருந்தால் வேலை முடிந்திருக்கும். வைக்கவில்லை. கடவுளுக்குப் பயந்து இல்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டான். கூடத்துத் தூணில் சாய்ந்து, ஊர்ப் பெரிய மனிதர் வைரக்கண்ணுவின் சின்னம்மா காலையிலிருந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வந்த முதல் நாளே ஒரு சொல் வாங்கக் கூடாது. அதனால் அன்றைக்கு அந்தக் கோயிலில் சம்பிரதாயத்தை எழுத்துப் பிசகாமல் காப்பாற்றியவன் நாத்திகன் ஒருவன்தான். அர்ச்சகரே விபூதித் தட்டோடு அந்த இடைவெளியில் புகுந்து போனதை அவன் பார்த்தான்.

ஆக, மூன்று வரியிலும் மூன்று சாண் அகலத்துக்கு ஓட்டை. கல்வெட்டு தொடங்குவதே அந்தச் சுவரில்தான். முதல் வரியில் ஓட்டைக்கு முன்னால் 'ஸ்வஸ்திஸ்ரீ'. ஓட்டைக்குப் பின்னால் 'சோழதேவர்க்கு யாண்டு முப்பதாவது.' நடுவில் போனது ராஜாவின் பெயர்.

முப்பது வருடத்துக்கு மேல் ஆண்ட சோழர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களில் ஒருவன் கங்கையை வென்று, இங்கிருந்து சைக்கிளில் போகும் தூரத்தில் தலைநகரம் கட்டியவன். அறிவழகன் ஓட்டைக்குள் அவனைத் தூக்கி வைத்தான். ஊகம் என்று காட்டும் சதுர அடைப்புக்குறிக்குள்தான் வைத்தான். பிறகு கட்டுரை, பிறகு துண்டுப் பிரசுரம், பிறகு ஊர் மேடை என்று போகப் போக அடைப்புக்குறி எங்கோ விழுந்துவிட்டது. முப்பதாம் ஆண்டு என்றால் ஆயிரம் வருடத்துக்குச் சற்றுக் குறைகிறது. முழுதாக்கினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று முழுதாக்கினான். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

கல்வெட்டைத் தவிர மற்ற எல்லாம் அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தன. தூணின் உச்சியில் உத்தரத்தைத் தாங்கும் போதிகைகள் பூமொட்டுப்போல் கீழே தொங்கின. ராஜேந்திரன் காலத்துப் போதிகை அப்படித் தொங்காது, மொட்டையாக முடியும். 'பிற்காலத் திருத்தம்' என்று எழுதினான். எழுத்துகளின் வடிவம் இருநூறு வருடம் இளமையாக இருந்தது. 'வட்டாரக் கையெழுத்து' என்று எழுதினான். ராஜேந்திரன் கல்வெட்டென்றால் அவன் வென்ற நாடுகளை வரிவரியாகச் சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வரும். இங்கே ஒரு நாடுகூட இல்லை. 'இடமின்மை' என்று எழுதினான். சுவர் முழுக்க இடம் கிடந்தது.

ராசாங்கத்தின் படம் வந்த ஞாயிற்றுக்கிழமை, கிரானைட் கல்லை எந்தப் பக்கம் பதித்தால் வெயிலில் பெயர் நன்றாகத் தெரியும் என்று பார்க்கத்தான் அவன் கோயிலுக்குப் போனான். வந்ததுக்கு ஒரு சுற்று சுற்றினான்.

பாலாலயம் முடிந்திருந்தது. சாமியின் சக்தியைக் கும்பத்துக்கு மாற்றி, பக்கத்துத் தகரக் கொட்டகையில் வைத்திருந்தார்கள். குடமுழுக்கு வரைக்கும் அங்கேதான் பூஜை. விரிசல் விட்ட சண்டிகேசுவரர் சன்னிதியைக் கல் கல்லாகப் பிரித்திருந்தார்கள். சண்டிகேசுவரரும் கொட்டகைக்குப் போய்விட்டார். வடக்குச் சுவரடி மண்ணை அள்ளி, சுண்ணாம்பைச் சுரண்டித் தண்ணீர் அடித்திருந்தார்கள். மூன்று சாண் சுவர், குளித்துவிட்டு வந்ததுபோல் நின்றது.

தடுக்க ஆளில்லை. அறிவழகன் அந்த இடத்தில் போய் உட்கார்ந்தான். படுக்கக்கூடத் தேவைப்படவில்லை.

'திரிபுவனச் சக்கரவர்த்திகள் ஸ்ரீராஜராஜ.'

இன்னொரு முறை படித்தான். விரலை எழுத்துக்குள் விட்டுப் படித்தான். அந்தப் பட்டம் ராஜேந்திரன் காலத்தில் இல்லை. பிற்காலச் சோழர்கள் நாடு சுருங்கச் சுருங்க நீட்டிக்கொண்ட பட்டம். அந்தப் பட்டத்தோடு முப்பது வருடம் ஆண்ட ராஜராஜன் ஒருவன்தான். மூன்றாம் ராஜராஜன். தன் கீழிருந்த சிற்றரசனிடமே சிறைப்பட்டவன்.

கங்கையும் போயிற்று. ஆயிரத்தில் இருநூறும் போயிற்று. இனிமேல் போதிகையைத் திருத்த வேண்டியதில்லை. அது முதலிலிருந்தே ஒழுங்காகத்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாம் வரியின் ஓட்டையையும் படித்தான். கோயிலுக்கு விட்ட நிலத்தின் எல்லைகள். 'கீழ்பாற்கெல்லை சேரிக்கு மேற்கு.' அதையும் இரண்டு முறை படித்துவிட்டு, எழுந்து பேண்டைத் தட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்கு நடந்தான்.

அவனும் மனைவி வெற்றிச்செல்வியும் அரியலூரில் குடியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா வீட்டுக்கு வருவது வழக்கம். வெற்றிச்செல்வி அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அம்மா எதிரே.

"என்னடா மூஞ்சி இப்படிக் கெடக்கு?" என்றாள் கலியம்மாள். "பேர்ல தப்பு கிப்பு போட்டுட்டானா?"

"பேரு சரியா இருக்கும்மா. மத்ததெல்லாம் தப்பு."

"பேரு சரியா இருக்குல்ல? வுடு."

அவன் விவரம் சொன்னான். வெற்றிச்செல்வி கீரையை வைத்துவிட்டுக் கேட்டாள். கடைசியில், "ஆயிரத்துக்கு எழுநூத்தி எம்பது. பாஸ்தான், விடுங்க" என்றாள்.

"கிண்டல் பண்ணாத செல்வி."

"நானா பண்றேன்? ஒரு எட்டு நடந்து போயி பாக்கறதுக்கு சாமி ஊருக்குப் போற வரைக்கும் காத்திருந்தது நீங்க. அதுவும் கறுப்புச் சட்டைக்காரரு."

"உங்க ஊர்ல நீ போவியா நடுவுல?"

"நான் சாமி கும்புடுறவ. எனக்குப் பயம் உண்டு. உங்களுக்கு என்ன வந்துச்சு?"

அவனிடம் பதில் இருந்தது. தூணில் சாய்ந்திருந்த கிழவிதான் பதில். அதை அம்மா முன்னால் சொல்லப் பிடிக்கவில்லை.

"வைரக்கண்ணுகிட்ட போயி சொல்லப்போறேன்" என்றான். "கல்லு ஏத்தறதுக்கு முன்னாடி."

கலியம்மாள் கையை உதறினாள். "சொன்னா?"

"அந்த ஆளு ஆயிரத்தை விட மாட்டாரு. என் பேரத்தான் எடுப்பாரு."

"அப்ப வாய மூடிக்கிட்டு இரு." அம்மாவின் குரல் ஏறிவிட்டது. "அந்தக் கோயில்ல அவங்க எழுதி வச்சிருக்கறதெல்லாம் நெசமாடா? இன்னார் உபயம், அன்னார் உபயம்னு டியூப் லைட்டுல எல்லாம் எழுதிக்கிட்டான். அந்த மதிலுக்கு மண்ணு சொமந்தது நானும் உங்கப்பனும். எங்க பேரு எந்தக் கல்லுல இருக்கு? அவங்க அம்புட்டு சொல்றப்ப நமக்கு ஒண்ணே ஒண்ணு ஆகாதா?"

அதற்குப் பதில் எந்தப் பல்கலைக்கழகத்திலும் இருக்குமென்று தோன்றவில்லை.

"அந்தக் கல்வெட்டுல நம்ம தெருவு இருக்கும்மா" என்றான்.

"என்னன்னு?"

"கோயிலுக்கு வுட்ட நெலம் சேரிக்கு மேக்கால இருக்குதுன்னு. எல்லை சொல்றதுக்கு."

"எல்லைக்கு மட்டுமா?"

"ஆமா."

"வேற ஒண்ணுமில்லையா?"

"இல்ல."

கலியம்மாள் தெருவைப் பார்த்தாள். "அப்பயும் இங்கயேதான் கெடந்தமா" என்றாள். வெற்றிச்செல்வி கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அறிவழகன் சத்தியத்துக்காக உயிரை விடுகிற ஆள் இல்லை. அவனைக் கிளப்பியது வேறு பயம். என்றைக்காவது தஞ்சாவூரிலிருந்தோ எங்கிருந்தோ ஒரு ஆய்வு மாணவி வருவாள். தூணில் யார் உட்கார்ந்திருந்தாலும் கவலைப்படாமல் அந்த இடைவெளிக்குள் போவாள். படிப்பாள். இரண்டு பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதுவாள். அடிக்குறிப்பில் அவன் பெயர் வரும், 'இவ்வாறு பிழையாகக் கருதியோரும் உளர்' என்று. கிரானைட்டில் பெயர் நிற்கும் என்பதுதான் சந்தோஷமாக இருந்தது. இப்போது நிற்கும் என்பதுதான் பயமாக இருந்தது.

வைரக்கண்ணு திருப்பணிக் குழுத் தலைவர். முந்திரிக் காடும் கொட்டை உடைக்கும் தொழிலும் உள்ளவர். சாயங்காலம் களத்தில் கொட்டைகளைக் குவிக்கச் சொல்லிவிட்டு நின்றிருந்தார். அறிவழகனைப் பார்த்ததும் உள்ளே திரும்பி, "ஒரு சேர் கொண்டாங்கப்பா" என்றார். அவனுடைய முனைவர் பட்டத்தால் அந்தக் களத்தில் நடந்த மாற்றம் அந்தச் சேர்தான். கூப்பிடுவதில் இன்னும் சிக்கல் தீரவில்லை. 'நீ' என்றால் படித்தவனுக்கு மரியாதைக் குறைவு, 'நீங்க' என்றால் கதிர்வேல் மகனுக்கு அதிகம். அதனால் ஆளே இல்லாமல் பேசுவார்.

"எப்ப வந்தது? காபி சாப்புடறதா?"

"இருக்கட்டுங்க."

"கல்லு பாத்தாச்சா? நல்லா வந்துருக்குதுல்ல?"

"பாத்தேங்க. ஒரு தப்பு இருக்குது."

"எழுத்துல தானே. ராசாங்கத்துக்கிட்ட சொன்னா மாத்திடுவான்."

"ராஜாவே தப்புங்க."

வைரக்கண்ணு சேரை இழுத்துப் போட்டுத் தானும் உட்கார்ந்தார்.

"ராஜேந்திரன் இல்லீங்க. ராஜராஜன்."

"அட, அதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு? ராஜராஜன் இன்னும் பெரிய ஆளாச்சே. தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கட்டுனவரு."

"அவரு ஒண்ணாவது ராஜராஜன். இவரு மூணாவது."

"சரி, இவரு என்ன கட்டுனாரு?"

"கப்பம் கட்டுனாருங்க."

வைரக்கண்ணு சிரிக்கவில்லை. "யாரையாச்சும் ஜெயிச்சாரா?"

"ஜெயில்ல இருந்தாருங்க."

குவித்துக்கொண்டிருந்த பெண்கள் பக்கம் வைரக்கண்ணு ஒருமுறை பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "வருசம்?"

"எழுநூத்தி எம்பது."

"பத்திரிகை அடிச்சாச்சு. உடையார்பாளையம் வரைக்கும் பேனர் கட்டியாச்சு. கரியப்பநல்லூர்க்காரன் அவன் கோயில் வாசல்ல தொள்ளாயிரம்னு வளைவு வச்சிருக்கான். அவன விட நூறு கூடன்னுதான் நான் இந்தத் திருப்பணியவே எடுத்தேன். இப்ப எழுநூத்திச் சொச்சம்னு போட்டா அவன் மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

"ஆனா கல்லு அப்படித்தாங்க சொல்லுது."

"எந்தக் கல்லு?"

"சண்டிகேசருக்கு எதிர்ல இருக்கற செவுரு."

"அதத்தான் எவனும் பாக்க மாட்டானே. இன்னும் பத்து நாள்ல சண்டிகேசர் திரும்ப வந்து உக்காந்துருவாரு. வேற எவன் நடுவுல போயிப் படிப்பான்? நீதானே படிச்சே? நீதானே ஆயிரம்னும் சொன்னே?" கோபத்தில் 'நீ' வந்துவிட்டது. வந்ததும் அவருக்கே ஒரு நிம்மதி. "இத பாரு. இஷ்டம் இல்லன்னா சொல்லிடு. உன் பேர எடுத்துட்டு மத்தத அப்படியே போட்டுக்கறேன்."

வழியெல்லாம் எதிர்பார்த்து வந்ததுதான். கேட்டபோது அம்மா சொன்ன மதில், மண், டியூப் லைட் எல்லாம் ஒருமுறை வந்து போயின. பிறகு அவனுடைய வாய், அவனைக் கேட்காமலே, சொன்னது:

"எடுத்துக்குங்க. நான் வேற எடத்துல எழுதிக்கறேன்."

"எங்க? பேப்பர்லயா?"

"ஆய்விதழ்லங்க. படத்தோட."

"அத கரியப்பநல்லூர்ல படிப்பானுவளா?"

அந்த ஆய்விதழை அதன் ஆசிரியர் படிப்பார். அச்சகத்தில் தட்டச்சு செய்கிறவர் வேறு வழியில்லாமல் படிப்பார். மற்றபடி அதில் எழுதியவர்கள் அவரவர் கட்டுரையைப் படிப்பார்கள்.

"கட்டாயம் படிப்பாங்க" என்றான் அறிவழகன்.

ஒரு பொய்யைத் திருத்த வந்த இடத்தில் இன்னொன்றைச் சொல்லிவிட்டோம் என்பது அவனுக்குத் தெரிந்தது. ஆனால் இது வேலை செய்தது. வைரக்கண்ணு எழுந்து களத்தை ஒரு சுற்று சுற்றி வந்தார். உள்ளே பார்த்து, "காபி ரெண்டா கொண்டாங்க" என்றார்.

மறுநாள் இருவரும் ஜெயங்கொண்டம் போனார்கள். வைரக்கண்ணு காரில், அறிவழகன் பஸ்ஸில்.

ராசாங்கத்தின் கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால். வாசலில் சாய்த்து வைத்திருந்த கற்களில் செத்தவர்களும் திறப்பு விழா கண்டவர்களும் கலந்து நின்றார்கள். ராசாங்கம் இரண்டு பக்கக் கதையையும் கேட்டார். அவருக்கு இது புதிது இல்லை போலிருந்தது.

"வருசமே எதுக்குங்க?" என்றார். "'மிகத் தொன்மையான'ன்னு போட்டுடுவோம். ஆயிரத்துக்கும் பொருந்தும், எழுநூறுக்கும் பொருந்தும். ராஜாவையும் பேரு சொல்ல வேணாம். 'சோழர் காலத்து'ன்னு போட்டா போதும். நான் நெறைய கோயிலுக்கு இப்படித்தான் போட்டுருக்கேன். ஒருத்தரும் சண்டைக்கு வந்ததில்ல."

வைரக்கண்ணு யோசித்தார். "தொன்மைன்னா எவ்வளவுன்னு கேட்டா?"

"மிகன்னு போட்டுருக்கோமே."

"கரியப்பநல்லூரு தொள்ளாயிரத்த விட?"

"மிகத்துக்கு மேல என்னங்க இருக்கு?"

வைரக்கண்ணுவின் முகம் மெல்லத் தெளிந்தது. அறிவழகனைப் பார்த்தார். "இதுல தப்பு ஒண்ணும் இல்லையே?"

அவன் தேடிப் பார்த்தான். மிகத் தொன்மையான, சோழர் காலத்துக் கோயில். தப்பே இல்லை. அவனுடைய இத்தனை வருட ஆராய்ச்சியில் முதல்முறையாகத் தப்பே இல்லாத ஒரு வாக்கியம் கிடைத்திருந்தது. அதை எழுதியவர் ராசாங்கம்.

"நில எல்லை ஒரு வரி சேக்கலாங்களா?" என்று கேட்டான். "சேரிக்கு மேற்குன்னு கல்லுல இருக்கு. கோயில் அளவுக்கு எங்க தெருவும் பழசு."

"நல்ல காரியத்துல அதெல்லாம் எதுக்கு?" என்றார் வைரக்கண்ணு. கோபமாக இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அறிவழகன் பிடிவாதம் பிடிக்கவில்லை. பிடித்திருக்கலாம் என்று பஸ்ஸில் திரும்பும்போது நினைத்தான். பஸ்ஸில் அவனுக்கு எப்போதும் வீரம் வரும்.

ராசாங்கம் கம்ப்யூட்டரில் வரிகளை அழித்தார். ராஜேந்திரன் போனான், கங்கை போனது, ஆயிரம் போனது. கல்லின் நடுவே பெரிய வெற்றிடம் விழுந்தது.

"மொட்டையா இருக்கே" என்றார் வைரக்கண்ணு.

"கல்லு அளவு முடிவாயிடுச்சுங்க. எழுத்தத்தான் பெருசாக்கணும்." ராசாங்கம் மேல் வரியைப் பெரிதாக்கினார். 'மிகத் தொன்மையான' என்பது ஓரத்தை முட்டியது. "இதுக்கு மேல போவாது. சார் பேரப் பெருசாக்கிடலாம். அதான் சின்னதா இருக்கு." ஆக்கினார். இன்னும் ஆக்கினார். வலது மூலையில் இருந்த பெயர் நடுவுக்கு வந்து உட்கார்ந்தது. "இன்னும் கொஞ்சம் எடம் இருக்குதே. ஊர் பேரும் போட்டுடவா?"

அரியலூர் என்று போடலாம். காலனி என்றும் போடலாம். வைரக்கண்ணு சொல்லட்டும் என்று அறிவழகன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மேலைக்குறிச்சின்னு போடு" என்றார் வைரக்கண்ணு. "உள்ளூர்க்காரங்கதானே." காலனியைச் சேர்த்து அவர் ஊர் என்று சொல்லி அறிவழகன் கேட்டது அதுதான் முதல்முறை. சொன்னது அவருக்கே தெரிந்ததா என்று தெரியவில்லை. கல் சீக்கிரம் வந்தால் போதும் என்று கிளம்பிவிட்டார்.

குடமுழுக்கு அன்று கூட்டம் தாங்கவில்லை. விமானம் முழுக்க வண்ணம் அடித்திருந்தார்கள். அரசங்கன்று இருந்த இடமெல்லாம் ரோஜா நிறத்தில் பூதகணங்கள் சிரித்தன. மைக்கில் ஒருவர் ஆயிரம் ஆண்டு ஆயிரம் ஆண்டு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பேனர்களிலும் ஆயிரம் அப்படியே இருந்தது. காற்று அடித்தால் போய்விடும் என்று அறிவழகன் தன்னைத் தேற்றிக்கொண்டான். சரியான வாசகத்தை, சேரி எல்லையோடு, ஆய்விதழுக்கு அனுப்பியிருந்தான். ஆசிரியர் கட்டுரையின் நீளத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தார்.

வாசலில் கல் திறந்திருந்தது. வெற்றிச்செல்வி அதன் முன்னால் நின்று உரக்கப் படித்தாள்.

"'மிகத் தொன்மையான சோழர் காலத்துத் திருக்கோயில். ஆய்வு: முனைவர் க. அறிவழகன், மேலைக்குறிச்சி.'" திரும்பினாள். "ஏங்க, கோயில் பழசுன்னு கண்டுபிடிக்க ஒரு முனைவரா?"

"புதுசுன்னு கண்டுபிடிக்காம விட்டேனே."

"ராஜா பேரக் காணோம். கட்டுனவன் பேரக் காணோம். உங்க பேரு மட்டும் பஸ் போர்டு மாதிரி இருக்கு. வெளியூர்க்காரன் வந்தான்னா நீங்கதான் கட்டுனதுன்னு நெனைப்பான்."

அவனுடைய மாணவர்கள் சிலர் வந்திருந்தார்கள். கல்லைப் படம் எடுத்துக் கல்லூரிக் குழுவில் போட்டார்கள். 'தொன்மையைக் கண்டறிந்த எங்கள் சார்' என்று ஒருவன் எழுத, வேறொருவன் அழுது சிரிக்கும் முகம் ஒன்றைப் போட்டான். அறிவழகன் அதற்கு ஒரு கும்பிடு போட்டான். வேறு என்ன போடுவது?

வைரக்கண்ணு, பேனரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த கரியப்பநல்லூர்க்காரர்களை வாசல் வரை அழைத்து வந்து, 'மிக'வைக் கையால் தொட்டுக் காட்டினார்.

கலியம்மாள் காலையிலிருந்து கல்லை விட்டு நகரவில்லை. சாமி பார்க்கவும் உள்ளே போகவில்லை. கூட்டம் குறைந்ததும் போய்க்கொள்கிறேன் என்றாள். புனித நீர் தெளித்தபோது கல்லின் மேல் விழுந்த துளிகளை முந்தானையால் துடைத்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. எழுத்து எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது மட்டும் காலையிலேயே தெரிந்துகொண்டிருந்தாள்.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் வந்தாள். வெளியூர். கலியம்மாள் அவளை நிறுத்தினாள்.

"படிக்கத் தெரியுமா ஆயி?"

"தெரியுங்க."

"அத கொஞ்சம் சத்தமாப் படி."

அந்தப் பெண் கல்லை நிமிர்ந்து பார்த்து முதல் வரியிலிருந்து தொடங்கினாள். "மிகத் தொன்மையான..."

"அது என்னமோ கோயிலப் பத்தி" என்றாள் கலியம்மாள். "நீ கீழ இருக்கறதப் படி."